ஊதினால்தான் கார் ஸ்டார்ட் ஆகுமாம்: தம்பி குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். என் தம்பி கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கிடைத்துவிட்டது, சிட்டிசன் இன்னும் இல்லை. போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா முடிந்து வரும்போது பொலிஸ் மறித்து ஊதச் சொல்லியிருக்கிறார்கள். 110 காட்டியதாம். லைசன்சை வாங்கிக்கொண்டு, காரையும் ஒரு கிழமை தூக்கி வைத்திருந்தார்கள். அவனோடு ஒரே அறையில் இருந்த ஓர் அண்ணாவுக்கும் முன்பு இப்படி நடந்ததாம். "மூன்று மாதத்துக்குள் குற்றத்தை ஒப்புக்கொள். ஊதினால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் மெஷினைக் காரில் பூட்டித் தருவார்கள், சீக்கிரம் ஓடலாம்" என்கிறாராம். தம்பிக்கு டெலிவரி வான் ஓடுவதுதான் வேலை. ஒப்புக்கொள்ளலாமா? இன்னொன்று, என் மனுசன் இங்கே ஹயர் வான் ஓடுகிறார். வான் என் பெயரில், லீசிங்கில் எடுத்தது. இரவில் குடித்துவிட்டு விடிய ஹயர் போகிறார். அந்த மெஷினை எங்கள் வானில் பூட்டலாமா? பிடிபட்டால் காசைக் கட்டிவிட்டு வரலாம் என்கிறாரே, அது சரியா? தம்பிக்கு ஆவணியில் கலியாணம் பேசியிருக்கிறோம். பெண் வீட்டுக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்:

தங்கச்சி, தம்பியின் விஷயத்தை முதலில் எடுக்கிறேன். அதில் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் மட்டக்களப்பில் வழக்காடுகிறவன். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் நீதிமன்றத்தில் எழுந்து நிற்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே இருப்பதால் இந்த மாதிரிக் கடிதங்கள் அடிக்கடி வரும். அதனால் அந்தச் சட்டத்தையும் படித்துவைக்க வேண்டியதாயிற்று. தம்பிக்கு இன்றிரவே போன் எடுத்துச் சொல்லுங்கள்: குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் பேசாமல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அறைக்கார அண்ணா பொய் சொல்லவில்லை. கனடாவில் இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம், அல்லது அதற்கு மேல் இருந்தால் அது குற்றம். முதல் தடவை, 80 முதல் 119 வரை என்றால் குறைந்தபட்சத் தண்டம் 1,000 டொலர். தம்பியின் 110 அதற்குள் வருகிறது. அதற்கு மேல் மாகாணத்தின் பங்கு இருக்கிறது. ஒன்ராறியோவில் முதல் தடவை குற்றவாளியாகக் காணப்பட்டால் ஒரு வருடம் லைசன்ஸ் இல்லை. ஆனால் யாருக்கும் காயமில்லாத வழக்கில், சம்பவம் நடந்து 90 நாள் ஆவதற்குள் ஒப்புக்கொண்டு தீர்ப்பையும் வாங்கிவிட்டால், மூன்று மாதத் தடைக்குப் பிறகு, இன்டர்லொக் என்ற அந்த ஊதும் மெஷினைப் பூட்டிய காரை ஓடலாம். அந்த மெஷின் குறைந்தது ஒன்பது மாதம் காரில் இருக்கவேண்டும். 90 நாளைத் தவறவிட்டால் தடை ஆறு மாதம், மெஷின் ஒரு வருடம். இந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் சீக்கிரம் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அந்த அண்ணாவிடம் தம்பி கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. வழக்கு நடந்தபோது நீங்கள் சிட்டிசனா? அது எந்த ஆண்டு?

ஏன் என்று சொல்கிறேன். 2018 டிசெம்பர் 18இல் கனடா இந்தக் குற்றத்துக்கான ஆகக்கூடிய சிறைத்தண்டனையை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக உயர்த்தியது. முதல் தடவை பிடிபட்டவருக்கு யாரும் பத்து வருடம் கொடுக்கப்போவதில்லை. ஆனால் அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கொடுத்த தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. கொடுக்கக்கூடிய ஆகக்கூடிய தண்டனை பத்து வருடம் என்றால், அது பாரதூரமான குற்றச்செயல் என்ற வகைக்குள் போய்விடும். சிட்டிசன் அல்லாதவர், பி.ஆர். ஆக இருந்தாலும், அந்த நாட்டில் இருக்கத் தகுதியற்றவராகலாம். 1,000 டொலர் தண்டத்தோடு, சிறையே இல்லாமல் முடிந்த வழக்குக்கும் இது பொருந்தும். வழக்கைச் சிறிய குற்றங்களுக்கான முறையில் கொண்டுபோகிறோம் என்று அரச தரப்பு சொல்வதாலும் தப்ப முடியாது. சிறிய முறை, பெரிய முறை இரண்டிலும் வழக்குப் போடக்கூடிய குற்றத்தைப் பெரிய முறைக் குற்றமாகவே குடிவரவுச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

உடனே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று அம்மாவைப் பயப்படுத்த வேண்டாம். தீர்ப்பு வந்தபின் ஒரு எல்லைச் சேவை அதிகாரி அறிக்கை எழுதவேண்டும். எழுதாமல் விடவும் அவருக்கு இடமுண்டு. வெளியேற்றும் கட்டளை வந்தாலும், ஆறு மாதத்துக்குக் குறைந்த தண்டனை பெற்ற பி.ஆர். மேன்முறையீடு செய்யலாம். எத்தனை வருடம் இருந்தார், வேலை, குடும்பம், திரும்பவும் செய்வாரா என்பதெல்லாம் அங்கே பார்க்கப்படும். இருந்தாலும், மூன்று மாதம் முன்னதாகக் கார் ஓடுவதற்காக இந்தக் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போவது புத்தியா என்பதை யோசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைக்கவேண்டும். யோசித்தபின் அதுவே சரி என்று தெரிந்தால் செய்யட்டும், அப்படியான வழக்குகளும் இருக்கின்றன.

ஆகவே தம்பிக்கு இரண்டு விதமான அறிவுரை தேவை. ஒன்று குற்றவியல் சட்டத்தரணியிடமிருந்து. பொலிஸ் எழுதிய குறிப்புகள், மெஷினின் பராமரிப்புப் பதிவு, எத்தனை மணிக்கு மறித்தார்கள், எத்தனை மணிக்கு ஊதவைத்தார்கள், சட்டத்தரணியோடு பேசும் உரிமையைச் சொன்னார்களா என்பதையெல்லாம் அவர் வாங்கிப் பார்க்கவேண்டும். அதில் ஓட்டை இருந்தால் சில வேளைகளில் அரச தரப்பு மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான கவனயீன ஓட்டமாக வழக்கைக் குறைக்கச் சம்மதிக்கும். அது குற்றவியல் பதிவு அல்ல, குடிவரவுக்கும் 36ஆம் பிரிவு பற்றிய தலையிடி வராது. கிடைக்கும் என்று எண்ணியிருக்க முடியாது, கேட்டுப் பார்க்காமல் விடவும் கூடாது. மற்ற அறிவுரை குடிவரவுச் சட்டத்தரணியிடமிருந்து, எழுத்தில் வேண்டும். இரண்டு பேரையும் அந்த 90 நாள் முடிய நாளிருக்கும்போதே பார்த்துவிட்டால் எந்த வழியும் அடைபடாது. டிக்கெட் வழக்குப் பேசுகிற ஆள், விசா போரம் நிரப்புகிற ஆள் என்று மலிவாகத் தேடிப் போகவேண்டாம். காசு போதாவிட்டால் சட்ட உதவி கிடைக்குமா என்று முதலில் கேட்கட்டும்.

இப்போது அந்த மெஷின். கையில் பிடிக்கும் அளவு, ஊதுகுழாய் ஒன்று, ஸ்டார்ட்டர் வயரோடு ஒரு தொடர்பு. உள்ளே பிளாட்டினம் பூசிய தகடு இருக்கும். மூச்சில் வரும் மதுசாரம் அதில் பட்டதும் சிறிய மின்னோட்டம் பிறக்கும், அதை அளந்து கணக்குச் சொல்லும். ஒன்ராறியோவில் 0.02ஐ, அதாவது 100 மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் கார் ஸ்டார்ட் ஆகாது. அது சட்ட எல்லையின் கால்வாசி, ஆகவே 'ஒரு பியர்தானே' என்பது அங்கே எடுபடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். ஊதாவிட்டால் நடுத்தெருவில் எஞ்சினை நிறுத்தாது, அது ஆபத்து. ஹோர்ன் அடித்து, லைட் மின்னி, நடந்ததைப் பதிவில் எழுதிவைக்கும். குறித்த நாளில் சேவை நிலையத்துக்குப் போனால் பதிவை இறக்கிப் பார்ப்பார்கள். வயரைத் தொட்டிருந்தாலும் தெரியும். இன்னொருவரை ஊதவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால், பல மெஷின்களில் கமரா இருக்கிறது. வாய் கழுவும் மருந்து, கைக்குப் பூசும் சனிடைசர், சில இருமல் பாணிகள் கூட வாயிலும் காற்றிலும் மதுசாரத்தை விட்டுப் பொய்க் கணக்குக் காட்டலாம். அப்படி வந்தால் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, கால் மணித்தியாலம் பொறுத்துத் திரும்ப ஊதவேண்டும்.

தம்பியின் வேலைக்கு இது எவ்வளவு உதவும்? அந்த நிபந்தனை காருக்குப் போடுவதல்ல, லைசன்சுக்குப் போடுவது. அந்தக் காலத்தில் அவர் ஓடும் எந்த வாகனத்திலும் மெஷின் இருக்கவேண்டும். கொம்பனியின் டெலிவரி வானிலும்தான். முதலாளி தன் வானில் அதைப் பூட்ட விடுவாரா? பூட்டும் செலவு, மாத வாடகை, சேவைச் செலவு எல்லாம் தம்பியின் தலையில். சொந்தக் காருக்குப் பூட்டிவிட்டு வேலைக்கு வேறு வானை எடுத்தால் நிபந்தனையை மீறியதாகும், வாகனத்தையும் தூக்கி வைப்பார்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளுமுன் முதலாளியிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், சீக்கிரம் மெஷின் பூட்டுவதில் அவருக்கு இருக்கும் லாபம் பாதியாகக் குறைந்துவிடும்.

சரி, உங்கள் வான்.

இலங்கைச் சட்டத்தில் நீதிமன்றம் கட்டளையிட்டு இன்டர்லொக் பூட்டும் ஏற்பாடு இல்லை. தனிப்பட்ட முறையில் ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பூட்டுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள். வயரிங் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸ் பூட்டித் தருவார். அதே பாஸ் உங்கள் மனுசன் கேட்டால் கழற்றியும் கொடுப்பார், பழக்கம் அவருக்குத்தானே கூட. அந்தப் பெட்டிக்கு அங்கே இருக்கும் பலம், பதிவைப் படிக்க ஒருவர் இருப்பதும் மீறினால் லைசன்ஸ் போவதும்தான். இங்கே பதிவைப் படிக்கப்போவது நீங்கள். கழற்றிவிட்டார் என்று தெரிந்தபின் வீட்டில் சண்டை பிடிப்பதைத் தவிர உங்களால் என்ன செய்ய முடியும்? அளவு சரிபார்க்கும் வேலையும் அடிக்கடி வரும். அதை இங்கே செய்ய ஆள் இல்லாவிட்டால் சில மாதத்தில் அது காட்டும் கணக்கை நம்ப முடியாது. அமெரிக்காவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மெஷின் பூட்டியிருக்கும் காலத்தில் திரும்பப் பிடிபடுவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்றும், கழற்றியபின் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். அவ்வளவு காவலோடு பூட்டிய இடத்திலேயே அப்படி.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று சொல்கிறேன். இந்த மெஷினை எங்கள் நாட்டுக்குக் கொண்டுவருவதானால் பஸ்ஸிலும் பாடசாலை வானிலும் தொடங்கவேண்டும். பின்லாந்து 2011இலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போகும் வாடகை வாகனங்களில் கட்டாயமாக்கியது. பிரான்ஸ் 2015இலிருந்து பயணிகள் பஸ்களில் கட்டாயமாக்கியது. குற்றம் செய்தவருக்குப் பூட்டுவதைவிட இதில் வெட்கமும் இல்லை, தப்பித்துப்போக இடமும் குறைவு. கல்முனையிலிருந்து கொழும்புக்கு இராப்பயணம் போகும் பஸ்ஸில் ஏறியிருக்கிற யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் சொல்வது இதைவிடச் சாதாரணமானது. வான் உங்கள் பெயரில். திறப்பும் உங்களிடம் இருக்கட்டும், இரண்டு திறப்பும். ஒரு நல்ல கைமெஷின் வாங்குங்கள், மலிவான விளையாட்டுச் சாமானாக இல்லாமல், நான் மேலே சொன்ன தகட்டு வகை. விடிய ஹயர் என்றால் ஊதி, பூச்சியம் காட்டினால் திறப்பு. 0.05 தானே, 0.07 தானே என்று பேரம் பேச இடம் வைக்கவேண்டாம். பேரம் தொடங்கினால் நீங்கள் தோற்பீர்கள்.

இரவில் குடித்தது விடியும்போது இறங்கிவிடும் என்று அவர் நம்புகிறார், ஊரில் பலரும் அப்படித்தான். கணக்கைப் பாருங்கள். எழுபது கிலோ உள்ள ஆள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி அரைப் போத்தல் சாராயம் குடிக்கிறார் என்று வைப்போம். சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம், ஆகவே உடம்புக்குள் போவது நூறு கிராமுக்குக் கிட்ட. அது இரத்தத்தில் 0.2 அளவுக்கு ஏற்றும். உடம்பு மணிக்கு 0.015 அளவில்தான் கழிக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும். விடிய நாலு மணிக்குக் கட்டுநாயக்கா ஹயருக்கு வானை எடுக்கும்போது அவர் இன்னும் 0.08 பக்கம்தான் நிற்பார். தலையில் தண்ணீர் ஊற்றினாலும், தேசிக்காய் பிழிந்து குடித்தாலும், பிளேன்டீ எத்தனை அடித்தாலும் அந்த வேகம் கூடாது. அந்த நிலையில்தான், விடியுமுன் யானை கடக்கும் வெலிக்கந்தை, மன்னம்பிட்டி ரோட்டை அவர் பிடிக்கிறார்.

எங்கள் சட்டத்தின் எல்லையும் அதே 0.08 கிராம்தான், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில். மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. பலூன் ஊதமாட்டேன் என்று நிற்பது கெட்டித்தனம் அல்ல. ஊத மறுத்தவரைக் குடித்தவராகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தபால் கந்தோரில் காசைக் கட்டி லைசன்சைத் திரும்ப எடுக்கும் சமாசாரமும் இல்லை இது. நீதவான் நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டமே 25,000 ரூபாய். சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு, லைசன்சையும் நிறுத்திவைக்கலாம். ஹயர் ஓடுகிறவருக்குத் தண்டத்தைவிட லைசன்ஸ் போவதுதான் அடி, லீசிங் தவணை அதற்காக நிற்காது. யாரையாவது பிடித்து ஸ்டேஷனிலேயே சரிக்கட்டலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது இலஞ்சம், அதற்குத் தனியாக இன்னொரு வழக்கு வரும்.

வான் உங்கள் பெயரில் இருப்பதால் இன்னொன்று. இன்றைக்கே காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். முழுக் காப்புறுதிப் பத்திரங்களில் சாரதி மதுபோதையில் இருந்தால் வானுக்கு ஏற்பட்ட சேதத்தைத் தரமாட்டோம் என்ற வாசகம் வழமையாக இருக்கும். ஆளுக்குக் காயம், மரணம் என்று வந்துவிட்டால் நட்டஈட்டு வழக்கில் உரிமையாளர் என்று உங்கள் பெயரையும் போடுவார்கள். காப்புறுதிக் கொம்பனி மூன்றாம் ஆளுக்குக் கொடுத்த காசை உங்களிடம் திரும்பக் கேட்கவும் கூடும். 'அவர் ஓடினார், எனக்கென்ன' என்று சொல்லித் தப்புவது கடினம். குடித்துவிட்டுத்தான் போகிறார் என்று உங்களுக்குத் தெரியும், அதை எனக்கு எழுதியும் இருக்கிறீர்கள். இதை அவருக்குச் சண்டையாகச் சொல்லாமல் பத்திரத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஆண்களில் மனைவியின் அழுகைக்கு அசையாதவர்கள் லீசிங் கணக்குக்கு அசைந்திருக்கிறார்கள்.

ஹயர் இல்லாத இரவிலும் குடிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் அது வானின் பிரச்சினை அல்ல. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்க விரும்பினால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் தனியாக எடுத்துப் பேசலாம்.

கடைசியாகக் கலியாணம். பெண் வீட்டுக்குச் சொல்லுங்கள், அதுவும் திகதி குறிக்குமுன். இதில் மானம் பார்க்க ஒன்றுமில்லை, சட்டம் பார்க்க நிறைய இருக்கிறது. தம்பி அந்தப் பிள்ளையை ஸ்பொன்சர் செய்துதானே கூப்பிடப்போகிறார்? வெளியேற்றும் கட்டளை ஒன்று வந்துவிட்டால் அவரால் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அந்தப் பிள்ளை இருக்கிற வேலையை விட்டுவிட்டு, கலியாணமும் முடிந்து, இங்கே காத்துக்கொண்டிருக்கும்போது அது தெரியவந்தால் என்ன சொல்வீர்கள்? வழக்கு இருக்கிறது, சட்டத்தரணி பார்க்கிறார், முடிவு தெரிந்ததும் சொல்கிறோம் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

ஆவணிக்குத் தம்பி இங்கே வரப் பிளைட் டிக்கெட் போட்டுவிட்டீர்களா என்று எழுதவில்லை. போடவில்லை என்றால் பொறுங்கள். பொலிஸ் அவரை விட்டபோது கொடுத்த தாளில் நீதிமன்றத் திகதியும் நிபந்தனைகளும் இருக்கும். அந்தத் திகதியில் அவரோ அவருக்காகச் சட்டத்தரணியோ போகாவிட்டால் பிடியாணை வரலாம், அது புதுக் குற்றம். அந்தத் தாளின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அவர் பார்க்கப்போகும் சட்டத்தரணிக்கு முதலில் அனுப்பட்டும். வெளிநாடு போகலாமா என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்கட்டும்.